மாடிக்கு அரிசி தூக்க எந்த மோட்டார்? ஒரு தண்ணீர்ப் போத்தல் விடை சொல்லும்!

வணக்கம் நேயர்களே. உங்கள் வீட்டு மாடிக்கு அரிசி மூட்டை ஒன்று கயிற்றில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாதி உயரத்தில் மின்சாரம் நின்றுவிடுகிறது. அந்த மூட்டை அங்கேயே நிற்குமா, கீழே வந்து விழுமா? வீட்டில் செய்யும் தூக்கிக்கு மோட்டார் தேடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. எத்தனை வாட், என்ன வேகம், எத்தனை வெள்ளி என்பவையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில், கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள பழைய கட்டடம் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். ரப்பர் தோட்டத்தில் பல ஆண்டுகள் பால் வாளிகளைக் காண்டாவில், அதாவது தோளில் வைக்கும் சுமைக் கம்பில், சுமந்த என் அம்மாவுக்கு, இப்போது அந்தச் செங்குத்தான படிகளில் வெறுங்கையோடு ஏறுவதே சிரமமாக இருக்கிறது. அதனால்தான் இந்தத் தூக்கி. உயரம் 3 மீட்டர். 10 கிலோ அரிசிப் பைகள் இரண்டு, அவற்றைத் தாங்கும் பலகைத் தட்டு 4 கிலோ, ஆக மொத்தம் 24 கிலோ.

[திரையில்: எரியும் எல்.இ.டி. பல்பு ஒன்று]

இந்தச் சுமைக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? 24 கிலோவின் எடை சுமார் 235 நியூட்டன். அதை 3 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 706 ஜூல் செலவாகும். ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகத் தூக்கினால் அது 12 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. கூடத்தில் எரியும் எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு வேண்டிய மின்சாரம்தான் அது! அப்படியானால் விளையாட்டுக் காரின் மோட்டாரே போதுமே என்று தோன்றும். போதாது, ஏனென்றால் அது நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலுமே தவிர, அதன் அச்சை இரண்டு விரல்களால் பிடித்து நிறுத்திவிடலாம். நமக்குத் தேவைப்படுவது முறுக்கு விசை, அதாவது அச்சைத் திருப்பும் வலிமை.

முறுக்கு விசையை முடிவு செய்வது கயிறு சுற்றும் உருளையின் ஆரம். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில் நேராகத் தூக்கினால் 4.7 நியூட்டன் மீட்டர் தேவைப்படும். சுமையோடு சேர்ந்து மேலேறும் கப்பி ஒன்றை இடையில் வைத்து, கயிற்றின் மறுமுனையை மேலேயுள்ள உத்திரத்தில் கட்டிவிட்டால் தேவை சரிபாதியாக, அதாவது 2.35 ஆகக் குறைந்துவிடும். அதற்கு விலையாக வேகம் பாதியாகும், கயிறு இரண்டு மடங்கு வேண்டும். கப்பியின் உராய்வுக்கும் கொஞ்சம் சேர்த்து 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு உருளையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுற்றினால் ஆரம் கூடி, மோட்டாருக்குச் சுமையும் கூடும் என்பதால் உருளையை நீளமாகச் செய்யுங்கள். 2 மில்லிமீட்டர் எஃகு வடமானால் ஒரே அடுக்கில் 10 சென்டிமீட்டரில் அடங்கிவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய கார் ஒன்றின் கதவுக் கண்ணாடியைப் பொத்தான் அழுத்திப் பாதி இறக்கி நிறுத்துங்கள். பிறகு உள்ளங்கையால் அதைக் கீழே அழுத்திப் பாருங்கள். அசையாது. மின்சாரம் இல்லை, பிரேக் இல்லை, ஆனாலும் அசையாது. கதவுக்குள் இருக்கும் வோர்ம் கியர்தான் அதற்குக் காரணம். மோட்டாரின் அச்சில் திருகாணி போன்ற ஒரு புரி. அதன்மேல் பொருந்திய ஒரு பல்சக்கரம். திருகாணி சுழன்றால் சக்கரம் நகரும். ஆனால் சக்கரத்தைப் பிடித்துத் திருகினால், புரியின் சாய்வு மிகக் குறைவாக இருப்பதால், உராய்வு வென்று எல்லாம் இறுகி நின்றுவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. இப்படித் தானாகவே பூட்டிக்கொள்ளும் புரி, கொடுத்த ஆற்றலில் பாதிக்கும் மேலானதை உராய்விலேயே இழந்துவிடும். 12 வாட் வேலைக்கு 40, 50 வாட் உள்ளே போகலாம். போகட்டும், தலைக்கு மேலே தொங்கும் 24 கிலோ நிலையாக நிற்பதற்காக நான் மனமாரக் கொடுக்கும் கட்டணம் அது.

முதலில் நான் மின் துளைக்கருவி ஒன்றின் மோட்டாரைத்தான் பொருத்தினேன். வலிமையானது, கியரும் உள்ளே இருந்தது. ஆனால் அந்தக் கியர் வீணாக்காமல் வேலை செய்யும் வகையைச் சேர்ந்தது. அதனாலேயே சுமையும் அதை எளிதாகப் பின்னோக்கிச் சுழற்றிவிடும். மின்சாரத்தை நிறுத்தியதும் தட்டு வேகமெடுத்து இறங்கித் தரையில் மோதியது. கீழே யாரும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படியானால் கண்ணாடி மோட்டாரையே வாங்கிவிடலாமா? கண்ணாடி ஏற ஓரிரு மூச்சு நேரமே ஆகும். அந்தக் குறுகிய வேலைக்காகச் செய்யப்பட்ட மோட்டார் ஒரு நிமிடம் சுமையோடு ஓடினால் சூடாகி, உள்ளிருக்கும் பாதுகாப்பு அதை நிறுத்திவிடக்கூடும். வைப்பர் மோட்டாரை எண்ணிப் பாருங்கள். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வரை விடாமல் பெய்யும் மழையிலும் அது ஓயாமல் ஓட வேண்டும். அதிலும் வோர்ம் கியர்தான் இருக்கிறது. குறைந்த வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 45 சுற்று. நம் உருளையில் அது தட்டை ஒரு நிமிடத்தில் மாடிக்குக் கொண்டுவந்துவிடும்.

பழைய இரும்புக் கடையில் எடுத்த மோட்டார் நல்லதா என்று எப்படி அறிவது? மோட்டாரை மேசையில் இறுகப் பூட்டி, அச்சில் இரும்புப் பட்டை ஒன்றைப் பொருத்துங்கள். அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, நீர் நிரப்பிய 1.5 லிட்டர் போத்தலைத் தொங்கவிட்டுப் பட்டையைத் தரைமட்டமாக நிறுத்துங்கள். இப்போது அச்சின்மேல் சுமார் 4.4 நியூட்டன் மீட்டர் இருக்கிறது. நம் தேவையைவிடக் கணிசமாக அதிகம். மின்சாரம் இல்லாத நிலையில் பட்டை துளியும் தாழக்கூடாது. மின்சாரம் கொடுத்தால் போத்தல் மேலே எழ வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த மோட்டார் வேண்டாம். சோதனையின்போது மோட்டாரைத் தட்டியும் பாருங்கள், ஏனென்றால் அதிர்வினால் நழுவிவிடும் புரிகளும் உண்டு.

மின் இணைப்பில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல வைப்பர் மோட்டார்களின் உடலே எதிர்முனையாக இருக்கும். தட்டை இறக்குவதற்காக முனைகளை மாற்றும்போது அந்த இரும்பு உடல் நேர்முனையாகிவிடும். ஆகவே ரப்பர் அல்லது மரத்தின்மேல் பூட்டி, தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி கொடுங்கள். பொருத்தமான ஃபியூஸும், தட்டு உச்சியைத் தொடுமுன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சும் கட்டாயம்.

இந்தத் தூக்கியில் மனிதர் யாரும் ஏறக்கூடாது, குழந்தைகள் விளையாட்டுக்காகக்கூட. தட்டு மேலே இருக்கும்போது கீழே யாரும் நிற்கவும் கூடாது. எங்கள் வீட்டில் அதற்காகவே பின்வாசலில் ஒரு சங்கிலி மாட்டியிருக்கிறோம்.

போத்தல் சோதனையைச் செய்து பார்ப்பவர்கள், எந்தக் காரின் மோட்டார், பட்டை நின்றதா நழுவியதா என்பதைக் கீழே எழுதுங்கள். நழுவிய மோட்டார்களைப் பற்றித்தான் நான் அதிகம் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.