ஏலகிரியில் உலை 96 டிகிரியிலேயே கொதிக்கிறது

வணக்கம் மக்களே, காற்று மைக்கில் அடிக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் வேலூரில் கிளம்பி, 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏலகிரியில் அடுப்பும் தெர்மாமீட்டருமாக உட்கார்ந்திருக்கிறேன். இதோ பாருங்கள், தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் சூடு 96-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் சீக்கிரம் வற்றுகிறது.

ஏன் என்றால், எந்தத் திரவத்திலும் சில மூலக்கூறுகள் பிய்த்துக்கொண்டு ஆவியாகும். மூடிய பாத்திரத்தில் அந்த ஆவி கொடுக்கிற அழுத்தம்தான் ஆவி அழுத்தம். தண்ணீருக்கு 25 டிகிரியில் அது 24 மில்லிமீட்டர் பாதரசம் (அழுத்தத்தை அளக்கிற அலகு), நம்ம கத்திரி வெயில் 40 டிகிரியில் 55, அப்புறம் விறுவிறுவென ஏறி 100-இல் 760. வெளிக்காற்றின் அழுத்தத்தை அது எட்டிப்பிடித்ததும் கொதி வந்துவிடும். கடல் மட்டத்தில் அந்த 760 வேண்டும். இங்கே 1,100 மீட்டர் உயரத்தில் சுமார் 665 இருந்தால் போதும். குக்கர் இதற்கு நேர் எதிர், ஆவியை அடைத்துவைத்து 120 வரை ஏற்றிவிடும், அதனால் மலையில் பருப்பு வேகவைக்க குக்கர் இல்லாமல் ஆகாது. தண்ணீர் குடத்தில் இருந்தாலும் டம்ளரில் இருந்தாலும் ஆவி அழுத்தம் ஒன்றுதான், இதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். அகலமான தட்டில் ஊற்றினால் சீக்கிரம் ஆவியாகும், அவ்வளவே.

சரி, ஆவி அழுத்தத்தை முடிவுசெய்வதில் சூட்டை விட்டால் அடுத்தது மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடிமானம். ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் டேனரிகளில் தோலின் முடியை நீக்க சோடியம் சல்பைடு போடுவார்கள். அதில் அமிலம் பட்டால் ஐதரசன் சல்பைடு வாயு கிளம்பும், அழுகிய முட்டை நாற்றம், உயிருக்கே ஆபத்து. அதன் மூலக்கூறு தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், ஆனால் கொதிநிலை மைனஸ் 60! தண்ணீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன, ஐதரசன் சல்பைடுக்கு அந்தப் பிடி இல்லை.

உருகுநிலையில் பிடிமானத்தோடு மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் சேர்ந்துகொள்கிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்துபோகும், பக்கத்திலேயே கடலை எண்ணெய் அப்படியே இருக்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்புச் சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை, விறகுக்கட்டு மாதிரி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும்; கடலை எண்ணெயில் பலவும் நடுவில் வளைந்தவை.

உலையில் உப்பு போட்டால் சீக்கிரம் கொதிக்கும் என்பார் எங்கள் அத்தை. உண்மையில் லிட்டருக்கு 58 கிராம் போட்டால் கொதிநிலை ஒரு டிகிரி கூடத்தான் செய்யும். இங்கே குறைகிற 4 டிகிரியை உப்பாலேயே ஈடுகட்டப் பார்த்தால் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் கொட்ட வேண்டும், அந்தச் சோற்றை அத்தையே வாயில் வைக்க மாட்டார்.