நள்ளிரவில் ஒரு கட்சுடோன்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரு சாப்பாட்டுக் காட்சியைப் பற்றிப் பேசப் போகிறேன். பனானா யோஷிமோட்டோ எழுதிய ‘கிச்சன்’ நாவலில் வருவது. 1988-இல் ஜப்பானில் புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது 23தான்.

மிக்காகே என்ற பெண்ணுக்கு மிச்சமிருந்த ஒரே உறவு பாட்டி. அவரும் போன பிறகு அவளுக்குத் தூக்கமே வருவதில்லை. கடைசியில் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் போய்ப் படுக்கிறாள், அதன் சத்தத்தில் தூங்குகிறாள். அவளைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்வது யூயிச்சி என்ற இளைஞனும் அவன் அம்மா எரிகோவும். எரிகோ ஒரு திருநங்கை, அவனைப் பெற்ற அப்பா. மனைவி இறந்தபின் பெண்ணாக வாழத் தொடங்கியவர். எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம்.

பிறகு எரிகோ கொல்லப்படுகிறார். யூயிச்சி எங்கோ ஒரு விடுதியில் போய் ஒடுங்கிவிடுகிறான். அங்கே எந்த வேளையும் டோஃபு, அதாவது சோயா பன்னீர்தான். வேறு ஊருக்கு வேலையாகப் போன மிக்காகே, ராத்திரி ஒரு கடையில் கட்சுடோன் சாப்பிடுகிறாள். சூடான சோற்றின் மேல் பொரித்த பன்றிக்கறியும் முட்டையும். அபார ருசி! உடனே இன்னொன்று பார்சல் கட்டி, டாக்சி பிடித்து, பூட்டிக் கிடக்கும் விடுதியின் சுவரேறி, கையைக் காயப்படுத்திக்கொண்டு அவனிடம் கொடுக்கிறாள்.

சரி, இதில் என்ன இருக்கிறது? இவர்கள் இருபது வயதை ஒட்டியவர்கள். சாவு வீட்டில் என்ன பேசுவது என்று பெரியவர்களுக்கே தெரியாது, இவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் சாப்பிட வைக்கிறார்கள். இதைவிட உண்மையான ஆறுதலை நான் கதைகளில் அதிகம் பார்த்ததில்லை.

1987-இல் வந்த ஹருகி முரகாமியின் ‘நார்வீஜியன் வுட்’டிலும் இதே மாதிரி ஒரு இடம். கதாநாயகன் வாத்தனபேயின் தோழி மிதோரி. அவள் அப்பா ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறார், எதையும் சாப்பிட மறுக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து வாத்தனபே வெள்ளரிக்காயைக் கடிக்கிறான். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவரும் கொஞ்சம் சாப்பிடுகிறார்.

ஆனால் அந்த நாவல் இதோடு விடுவதில்லை. வாத்தனபே காதலித்த, இறந்துபோன நவோகோவின் முகம் அவனுக்கு முன்பு 5 விநாடியில் நினைவுக்கு வந்தது, பிறகு 10, 30, ஒரு நிமிஷம் என்று நீண்டுகொண்டே போகிறது. 37 வயது வாத்தனபே இதைச் சொல்லும்போது, அவளை இரண்டாவது முறை இழப்பது மாதிரி இருக்கிறது. என்னை மறக்காதே என்று அவள் கேட்டிருந்தாள்.

புதிதாகப் படிப்பவர்கள் ‘கிச்சன்’ பக்கம் முதலில் போங்கள், சின்னப் புத்தகம். ‘நார்வீஜியன் வுட்’டில் தற்கொலைகள் பல வருகின்றன. மனசு சரியில்லாத நேரமென்றால் அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.