நகர்த்தி வைத்த ஊருக்கு ஒரு பஸ் பயணம்

(ஸ்காபறோ முதியோர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

கோடையில் மொறிஸ்பேர்க் பக்கத்து அப்பர் கனடா வில்லேஜுக்கு, அதாவது பழங்கால ஊர் ஒன்றைக் கட்டிக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு, போவதென்று பேச்சு அடிபடுகிறது. போகலாம். ஆனால் மண்டபத்தில் கைதூக்கி முடிவெடுப்பதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

401 நெடுஞ்சாலையில் வெளியேறும் வழிகளுக்குப் போட்டிருக்கும் எண்கள் வெறும் வரிசை எண்கள் அல்ல. மேற்கே வின்சர் பக்கத்திலிருந்து அளந்துவந்த கிலோமீற்றர் கணக்கு அது. நாங்கள் ஏறும் மார்க்கம் வீதி 383. நாங்கள் இறங்கவேண்டிய அப்பர் கனடா வீதி 758. கழித்துப் பாருங்கள், 375 கிலோமீற்றர். காரில் நாலு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம் என்று யாராவது சொல்வார்கள். காருக்கு அது சரி. 50 முதியவர்களை ஏற்றிய பஸ் இரண்டு இடத்திலாவது நிற்கவேணும். 20 நிமிடம் என்று அறிவித்த நிறுத்தம் 30 நிமிடத்துக்குக் குறையாது. பெண்கள் பக்க மலசலகூட வரிசை ஒன்றே அதற்குப் போதும். கிழக்கு நோக்கிப் போகும்போது ட்ரென்ரன் சவுத், மலோரிரவுன் சவுத் என்ற இரண்டு ஒன்றூட் (நெடுஞ்சாலையோர ஓய்வு) நிலையங்களும் வசதியான தூரத்தில் இருக்கின்றன. காலை 6:30க்கு வெளிக்கிட்டால் 11:15 அளவில் போய்ச் சேரலாம்.

பஸ்ஸுக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறதே என்பீர்கள். அது அவசரத்துக்கு. ஓடும் பஸ்ஸில் அந்த ஒடுங்கிய கதவைத் திறந்து, படி இறங்கிப் போவதுதான் முழங்கால் வருத்தக்காரர் விழுகிற இடம். செலவு குறைவு என்று மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடித்தால் அதுவும் கிடையாது. இருக்கைகள் பிள்ளைகளின் உடம்புக்கு அளந்தவை. இந்தத் தூரத்துக்கு அது வேண்டாம்.

அடுத்தது சாரதியின் நேரம். பயணக் குழுக்கள் அனேகமாக இங்கேதான் கோட்டை விடுகின்றன. ஒன்ராறியோ விதிப்படி ஒரு சாரதி 13 மணித்தியாலம் ஓட்டலாம், 14 மணித்தியாலம் கடமையில் இருக்கலாம். வேலை தொடங்கியதிலிருந்து 16 மணித்தியாலம் கடந்துவிட்டால், இடையில் ஓய்வெடுத்திருந்தாலும் அவர் ஓட்டக்கூடாது. பிறகு தொடர்ந்து 8 மணித்தியால ஓய்வுக்குப் பிறகுதான் மறுபடி ஓட்டலாம். பஸ்ஸைச் சோதித்து எடுத்துவர அவர் 5:30க்கே வேலை தொடங்குகிறார். நாங்கள் பின்னேரம் 4 மணிக்குத் திரும்பினால் 8:45க்கு ஸ்காபறோ; அவர் பஸ்ஸைக் கொண்டுபோய் விட 9:15. பதினைந்தே முக்கால் மணித்தியாலம். மிச்சம் கால் மணித்தியாலம்தான். காலையில் ஒருவருக்காக அரை மணி காத்திருந்தால் அந்த மிச்சமும் போய்விடும். நாங்கள் கிராமத்தில் சுற்றுகிற நேரம் அவருக்கு ஓய்வாகப் பதிவாகவேண்டும். "தம்பி, ஒருக்கா பஸ்ஸைத் திறவுங்கோ, குளிசைப் பையை விட்டிட்டன்" என்று போய் எழுப்பினால் அது ஓய்வில் சேராது. குளிசை கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஏரிக்கரை வீடுகளுக்குப் போனவர்கள் எல்லோரும் அன்று பின்னேரம்தான் ரொறன்ரோவுக்குத் திரும்புகிறார்கள். புதனோ வியாழனோ நல்லது. கிராமம் திறந்திருக்கும் நாட்கள் ஆண்டுக்காண்டு மாறும். ஆகவே கிராமத்தில் குழுவுக்குப் பதிந்தபிறகு பஸ் பிடியுங்கள். கட்டணத்தை 56 இருக்கைக்குப் பிரிக்காமல் 48க்குப் பிரியுங்கள். கடைசி வாரத்தில் நாலைந்து பேர் கட்டாயம் வரமாட்டார்கள். பஸ் வாடகை அதற்காகக் குறையாது.

சரி, அங்கே என்னதான் இருக்கிறது?

முன்னோடிக் குடியேறிகள் வாழ்ந்த ஊர் அப்படியே இருக்கிறது என்று நினைத்துப் போகிறவர்கள் பலர். அது அப்படியல்ல. அமெரிக்கப் புரட்சியில் மன்னர் பக்கம் நின்று தோற்றவர்கள் 1784இல் சென் லோறன்ஸ் ஆற்றின் இந்தக் கரைக்கு வந்தார்கள். கலைக்கப்பட்ட படையினரும் அவர்களின் குடும்பங்களும். குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கர், குடும்பத்தில் மற்ற ஒவ்வொருவருக்கும் 50 ஏக்கர் என்று காணி பிரித்தார்கள். வெறும் காடு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்ட அந்த ஆற்றோரம் மொஹோக் என்ற பூர்வகுடி மக்கள் புழங்கிய நிலம். ஆற்றின் கீழே கோர்ன்வோல் அருகில் அக்வெசாஸ்னே இன்றும் அவர்களுடைய ஊர். வில்லேஜ் காட்டுவது அந்த முதல் தலைமுறையையும் அல்ல, 1860களை. அதாவது காடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் காலம். மரக்குற்றி வீட்டைப் பார்த்துவிட்டு லூக்ஸ் பண்ணையின் கல் வீட்டையும் கிறைஸ்லர் ஹோலின் செங்கல் கட்டடத்தையும் பாருங்கள். யார் யார் கையில் காசு சேர்ந்தது என்பது சுவரிலேயே தெரியும்.

கட்டடங்களில் பல அந்த இடத்துக்கு உரியவையும் அல்ல. கப்பல் பாதைக்கும் மின்சாரத்துக்குமாக ஆற்றை மறித்தபோது, 1958 ஜூலை 1ஆம் தேதி தற்காலிக அணையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில நாட்களில் கரையோரத்துப் பத்து ஊர்கள் நீருக்குள் போயின. சுமார் 6,500 பேர் இடம்பெயர்ந்தார்கள். 500க்கு மேற்பட்ட வீடுகளை முழுசாகத் தூக்கி, இங்கிள்சைட், லோங் சூ என்ற புதிய ஊர்களில் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய கட்டடங்கள் சிலவற்றை இங்கே சேர்த்து 1961இல் திறந்ததுதான் இந்த வில்லேஜ். உள்ளே நிற்கும் கிறைஸ்ட் தேவாலயம் மூழ்கிப்போன மூலினெற் ஊரிலிருந்து வந்தது. இடப்பெயர்வு என்றால் என்னவென்று இந்தச் சபைக்கு நான் விளக்கத் தேவையில்லை.

உங்களுக்குக் கிடைப்பது நாலே முக்கால் மணித்தியாலம். சாப்பாட்டை எடுத்துவிட்டால் நாலு. நாற்பதுக்கு மேற்பட்ட கட்டடங்களை அந்த நேரத்தில் பார்த்தால் கட்டில், கதிரை, பீங்கான் தவிர எதுவும் மனதில் நிற்காது. வீடுகளில் இரண்டு போதும். ஓடுகிற ஆலைகள் மூன்றுக்கும் மீதி நேரத்தைக் கொடுங்கள்.

மரம் அரியும் பீச் ஆலையில் வட்டவாள் இல்லை. நிமிர்ந்த ஒற்றை வாள் மேலும் கீழுமாகப் போய்வரும்; ஒவ்வொரு வெட்டுக்கும் மரக்குற்றி வண்டியோடு கொஞ்சம் முன்னுக்கு நகரும். தண்ணீரின் விசையில் நடக்கும் வேலை, மெதுவானது. அரிந்த பலகையைப் பார்த்தால் நேர்கோடுகளாகத் தழும்பு இருக்கும். வட்டவாள் வந்தபின் அரிந்த பலகையில் அது வில்லாக வளைந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டு கிராமத்தின் பழைய பலகைகளைப் பார்த்தால், எது எந்த வாளில் அரிந்தது என்று நீங்களே சொல்லலாம்.

பெலமி மாவாலை எங்கள் ஆட்களுக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கும். அது பெரிய திருகை. கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுற்றும், நடுக்குழியில் போடும் தானியம் விளிம்பால் மாவாக வரும். கைபிடித்துச் சுற்ற ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கல்லில் வெட்டிய சால்கள் தேய்ந்துபோனால், அம்மி பொழிவதுபோல மறுபடி கொத்தவேணும். கற்கள் மிக நெருங்கினால் மாவு சூடேறிக் கெடும். தானியம் தீர்ந்தபின்னும் சுற்றவிட்டால் கல்லோடு கல் உரசிப் பொறி பறக்கும். காற்றில் மாத்தூசி நிற்கும் ஆலையில் ஒரு பொறி போதும், முழு ஆலையும் எரிந்துபோகும். அரைப்பவர் ஏன் ஒரு காதை எப்போதும் கல்லுக்கே கொடுத்திருக்கிறார் என்று அப்போது விளங்கும்.

அந்த மாவை வாங்கித்தான் வெதுப்பகத்தில் பாண் சுடுகிறார்கள். செங்கல் போறணைக்கு உள்ளேயே விறகு எரித்து, தணலை வாரி வெளியே எடுத்துவிட்டு, சுவர் வாங்கிவைத்த சூட்டில் வேகவைப்பது. பாணை வெளிக்கிடும்போது வாங்கலாம் என்று விட்டால் தீர்ந்துபோயிருக்கலாம். கண்டவுடன் வாங்குங்கள்.

மூன்றாவது அசெல்ஸ்ரைன் கம்பளி ஆலை. ஆட்டு மயிரைச் சிக்கெடுத்து, திரியாக்கி, நூலாக முறுக்கிப் போர்வை நெய்வதுவரை ஒரே கூரைக்குள் பார்க்கலாம். யந்திரம் ஓடும்போது சத்தம் அதிகம். காது கேட்கும் கருவி போட்டிருப்பவர்கள் வாசலில் குறைத்துக்கொள்ளுங்கள். பாற்கட்டி செய்யும் இடமும் உண்டு. பாலை உறையவைக்கும் பழைய பொருள் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. சைவக்காரர் கேட்டுவிட்டு வாயில் வைக்கவும்.

நடை பற்றி ஒன்று. பாதைகள் மண்ணும் சரளையும். சிறிய சில்லுள்ள நடைவண்டி புதையும், பெரிய சில்லுள்ளது வேணும். பழைய வீடுகளின் நிலைப்படி உயரம். உள்ளே வெளிச்சமும் குறைவு. சென் லோறன்ஸ் கரையோரம் உண்ணித் தொல்லை உள்ள பகுதி என்பதால் வெளிர்நிறக் காற்சட்டையும் காலுறையும் போட்டு, உயர்ந்த புல்லில் பாய் விரிக்காமல் மேசைகளில் இருந்து சாப்பிடுங்கள். கட்டுச்சோறாகப் புளிச்சாதம் கொண்டுவரலாம். தேங்காய்ச் சம்பலும் பால்கறியும் வேண்டாம். காலை 5 மணிக்குச் சமைத்து, வெயிலில் நிற்கும் பஸ்ஸின் அடிப்பெட்டியில் வைத்தால் மதியத்துக்குள் பழுதாகிவிடும். நீரிழிவுக்காரருக்கு 12 மணிக்கே சாப்பாடு. ஆலைகள் அதற்குப் பிறகு.

திரும்பும்போது "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். வராதவர் எப்படிப் பதில் சொல்வார்? வழியில் நிறுத்தும் இடங்களிலும் இதே கதைதான். காலையில் இருந்த இருக்கையிலேயே எல்லோரும் இருக்கவேணும். ஒருவர் நடந்துபோய் வெற்று இருக்கையை எண்ணவேணும். பக்கத்தில் இருப்பவருக்கு மற்றவர் பொறுப்பு.

இன்னும் கிழக்கே 20 கிலோமீற்றர் போனால் லோங் சூவில், மூழ்கிய ஊர்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆற்றுமட்டம் இறங்கும் காலங்களில் பழைய அத்திவாரங்கள் வெளியே தெரிவதும் உண்டு. ஒருநாள் பயணத்தில் அதைச் செருகாதீர்கள். சாரதிக்கு மிஞ்சியிருக்கும் கால் மணித்தியாலத்தில் அது அடங்காது. அதையும் பார்க்கத்தான் வேணும் என்றால் கோர்ன்வோலில் ஓர் இரவு தங்கும் பயணமாகப் போடுங்கள். காலையில் 8 மணிக்கு ஆறுதலாக வெளிக்கிடலாம். அறைக் காசு கூடும். எத்தனை பேருக்குச் சம்மதம் என்று இப்போதே கையைத் தூக்குங்கள், எண்ணிவிடுவோம்.