தேக்கடியில் படகு ஏறும் முன்: ஏரியின் கணக்கு

[காட்சி: விடியற்காலை. மூடுபனிக்கு நடுவே தண்ணீரில் நிற்கும் பட்டுப்போன மரங்கள்.]

குமுளியிலிருந்து நாலு கிலோமீட்டர் வந்தால் தேக்கடி படகுத்துறை. எதிரே விரிந்து கிடப்பதை ஏரி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் இது முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். கம்பம் பள்ளத்தாக்கு வயலுக்கும் அதற்குக் கீழே மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்துக்கும் தண்ணீர் போகத்தான் இதைக் கட்டினார்கள். படகுச் சவாரியெல்லாம் பிறகு வந்தது. நீங்கள் போகும் நாளில் இங்கே என்ன பார்க்கலாம், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை இன்றைக்கும் பெருமளவு தீர்மானிப்பது அந்தப் பாசனக் கணக்குதான்.

தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் இந்தக் கட்டைகளைப் பாருங்கள். 1895-இல் அணை நிரம்பியபோது மூழ்கிப்போன காட்டு மரங்கள் இவை. தண்ணீருக்குள் காற்று படாததால் அடிமரம் இன்னும் மக்கவில்லை. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இதில்தான் வந்து உட்காரும். படகோட்டிக்கு இவை பெரிய தலைவலி. வெளியே தெரியும் கட்டையை விலகிப் போய்விடலாம். நீர்மட்டம் இறங்கும்போது மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே ஒளிந்திருப்பதுதான் படகின் அடியைக் கிழிக்கும்.

[காட்சி: வரைபடம். தேக்கடியிலிருந்து லோயர்கேம்ப் வரை நீர் போகும் பாதை.]

மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்துக் கிழக்கே திருப்பியவர் பொறியாளர் ஜான் பென்னிகுக். சுண்ணாம்பும் சுர்க்கி எனும் சுட்ட செங்கல் பொடியும் சேர்த்துக் கட்டிய அணையின் நீளம் சுமார் 1,200 அடி. சவாரிப் படகில் போனால் அது கண்ணில் படாது, தூரம் அதிகம். ஆனால் தண்ணீர் தமிழ்நாட்டுக்குத் திரும்பும் இடம் இங்கே, தேக்கடிப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஷட்டர் வழியாகச் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையைத் தாண்டி, குழாய்களுக்கு முன்னால் நீரைத் தேக்கும் போர்பே அணைக்கு வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர்கேம்ப் மின் நிலையத்தைச் சுழற்றிவிட்டு, கடைசியில் வைகை அணைக்குப் போய்ச் சேரும்.

இனி நான்கு எண்கள். அணையில் தேக்கக்கூடிய முழு நீர்மட்டம் 152 அடி. பாதுகாப்பு குறித்த அச்சம் எழுந்ததால் 1979-இல் 136 அடியாகக் குறைத்தார்கள். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் நீர்மட்டம் 142-ஐத் தொட்டது. நான்காவது எண்ணைப் பலர் கவனிப்பதில்லை: 104 அடி. அதற்குக் கீழே போனால் ஏரியில் தண்ணீர் இருந்தும் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு சொட்டும் வராது, ஏனென்றால் திருப்பிவிடும் வாய் அந்த மட்டத்தில் இருக்கிறது. ஆகவே 115 அடி என்று செய்தியில் படித்தால், கையில் இருப்பது பதினோரு அடித் தண்ணீர்தான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஜூனில் பருவமழை கைகொடுத்தால் கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். வழக்கமாகப் பாசனத்துக்கு 200, குடிநீருக்கு 100, ஆக வினாடிக்கு 300 கன அடி. கோடையில் மட்டம் இறங்க இறங்கக் கரை பின்வாங்கும், படகுத்துறைக்கு நடை கூடும். ஆனால் விலங்கு பார்க்க அதுதான் நல்ல காலம். தண்ணீர் விலகிய சேற்றில் புதுப்புல் முளைக்கும். யானையும் காட்டுமாடும் மிளாவும் அதைத் தேடிக் கரைக்கு இறங்கும். மழைக்காலத்தில் காட்டுக்குள்ளேயே ஓடைகள் நிறைந்திருக்கும். அப்போது ஏரி கொள்ளை அழகு, கரை மட்டும் வெறிச்சென்று கிடக்கும்.

[காட்சி: காட்டின் ஓரம், மூங்கில் தெப்பம்.]

நிர்வாகம் யாருடையது? அணையும் தண்ணீர்த் திறப்பும் தமிழ்நாட்டிடம். இதற்கு அடிப்படை, திருவிதாங்கூரோடு 1886-இல் செய்த 999 ஆண்டுக் குத்தகை. சுற்றியுள்ள காடு கேரள வனத்துறையிடம். 1978 முதல் இது புலிகள் காப்பகம். மீன்பிடி உரிமை 1970 ஒப்பந்தத்தில் கேரளத்துக்குப் போனது. படகு விடுவது வனத்துறையும் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகமும். மீன் விஷயத்தில் ஒரு வருத்தம் உண்டு. பெரியாற்றின் மேல்பகுதிக்கே உரிய மீன் இனங்கள் இந்த நீரில் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த திலேப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன.

[காட்சி: படகின் குறுக்குவெட்டுப் படம்.]

2009 செப்டம்பர் 30 அன்று இந்த ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அது எப்படிக் கவிழ்க்கும்? ஆளுக்கு 60 கிலோ என்று வையுங்கள். 40 பேர் ஒரு பக்கம் நகர்ந்தால் 2,400 கிலோ இடம் மாறுகிறது. கீழ்த்தளத்தில் நடந்தால் படகு சற்றுச் சாயும், அவ்வளவுதான். மேல்தளத்தில் நடந்தால் எடை ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறது. சாயச் சாய அது இன்னும் வெளியே தள்ளும். ஓரளவு தாண்டிவிட்டால் படகால் நிமிர முடியாது. நமக்கு அதற்குள் யோசிக்க நேரமே இருக்காது.

ஆகவே 'யானை' என்று யாராவது கத்தினாலும் எழுந்திருக்காதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள். படகு திரும்பும், எதிர்ப்பக்கத்துக்கும் முறை வரும்.

லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுவிட்டுப் பட்டையைத் தொங்கவிடுவதைத்தான் நிறையப் பார்க்கிறோம். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே போவார். எல்லாக் கொக்கியையும் மாட்டி, பட்டையை இழுத்து இறுக்குங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரை இரண்டு தோளிலும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் இன்னும் தளர்வு. குழந்தைக்குப் பெரியவர் அளவு கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். சின்ன அளவைக் கேளுங்கள், கைக்கு வரும்வரை படகில் கால் வைக்க வேண்டாம்.