புண்படுத்தினால் சிரிப்பு வருமா?

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், அக்கா தங்கச்சிமாருக்கும், நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நின்றபடியே கேட்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு இது: ஸ்டாண்ட்-அப் மேடையில் வேண்டுமென்றே ஒருவரைப் புண்படுத்திப் பேசுவது உண்மையிலேயே சிரிப்பா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில நேரம் சிரிப்புத்தான். ஆனால் அந்தச் சிரிப்பு புண்படுத்தியதால் வந்ததில்லை, புண்படுத்தியும் வந்தது. ஜோக்குக்குள் வேலைப்பாடு இருந்தால் அது அந்தப் புண்ணையும் சேர்த்துச் சுமந்துவிடும். வேலைப்பாடு இல்லாத இடத்தில் வசவை ஏற்றுவது, நாறின மீனுக்கு மசாலா கூட்டுகிற வேலை.

கேலியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் தொல்காப்பியரே ஒத்துக்கொள்ள மாட்டார். நகை பிறக்கும் இடம் நான்கு என்று சொன்னவர், எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற வரிசையில் எள்ளலைத்தான் முதலில் வைத்தார். உரை எழுதிய பேராசிரியர் அதை இரண்டாகப் பிரித்தார். பிறரை எள்ளி நாம் நகுவது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாமே நகுவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட ஆளும் சேர்ந்து சிரிக்கிற கேலி எப்படிச் செய்யப்படுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு முழுவதும்.

வசை பாடுவதில் பேர் வாங்கியவர் காளமேகப் புலவர். நாகப்பட்டினத்துச் சத்திரம் ஒன்றைப் பற்றி அவர் பாடிய வெண்பா பலருக்கும் தெரிந்திருக்கும். காத்தான் என்பவருடைய சத்திரம். சாப்பாடு வரத் தாமதம். பொழுது சாயும்போது அரிசி வரும், குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்கும், ஓர் அகப்பை சோற்றை இலையில் வைக்கும்போது வெள்ளி எழும். இதில் ஒரு கெட்ட வார்த்தை உண்டா? காத்தானின் சாதி உண்டா, நிறம் உண்டா? வெறும் மூன்று நேரங்கள். சாயங்காலம், நள்ளிரவு, விடியல். இன்றைக்கு ஸ்டாண்ட்-அப் பழகுகிறவர்களுக்குச் சொல்லித்தரும் மூன்றடுக்கு முறையும் இதுதான்: முதலாவது சாதாரணம், இரண்டாவது அதே திசை, மூன்றாவதில் கேட்பவன் நினைத்ததைத் தாண்டிப் போய்விட வேண்டும். அடி விழுந்தது காத்தானின் செய்கையில். அந்த இரவு சோறு யார் கையில் இருந்ததோ அவர்மேல். போதாததற்கு, அதே பாட்டைச் சத்திரத்தைப் புகழ்வதாகவும் பொருள் கொள்ளலாம். பஞ்ச காலத்திலும் அரிசி குறையாமல் வந்து இறங்கும், ஊர்ப்பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு முன் வெள்ளியே எழுந்து ஓடும் என்று. திட்டு வாங்கினவர் தலை நிமிர்த்திக்கொள்ள ஒரு வாசல் திறந்திருக்கிறது.

அமெரிக்காவில் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஏதோ ஒரு ஒழுங்கு மீறப்பட வேண்டும். அதே கணத்தில், இதனால் ஆபத்து இல்லை என்றும் மனசுக்குத் தோன்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சிரிப்பு. மீறல் மட்டும் இருந்தால் கோபம், ஆபத்தில்லாமை மட்டும் இருந்தால் கொட்டாவி. புண்படுத்தும் ஜோக் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மீறுவது சுலபம். அதை ஆபத்தில்லாததாக ஆக்கித் தருவதில்தான் தொழில் இருக்கிறது.

"ஆனால் கூட்டம் சிரித்ததே" என்பார்கள். கூட்டத்தில் வருகிற சத்தமெல்லாம் சிரிப்பாகாது. ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர் கணக்குப்படி, மனிதர் தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார். சங்கடத்துக்குச் சிரிப்போம், பயத்துக்குச் சிரிப்போம், பக்கத்தில் மாமா சிரிக்கிறார் என்பதற்காகவும் சிரிப்போம். அதனால் போனில் பதிவு செய்து கேட்டுப் பார்க்க வேண்டும். போனை மேடையில் வைத்தால் முன்வரிசைதான் கேட்கும், கடைசி வரிசைக்குப் பக்கத்தில் வையுங்கள். அதிர்ச்சிச் சத்தம் "ஓ" என்று எல்லாரிடமிருந்தும் ஒன்றாக வெடிக்கும், உடனே அறுந்துவிடும், அதற்கப்புறம் ஒரு முணுமுணுப்பு. நிஜச் சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கிப் பரவும், அடங்கும்போது இன்னொரு அலை வரும்.

அடுத்த சோதனை இன்னும் கறாரானது. ஜோக்கில் இருக்கும் வசவை எடுத்துவிட்டு அங்கே சாதாரணச் சொல்லைப் போடுங்கள். "அந்தக் கரிச்சட்டி" இருந்த இடத்தில் "அந்த ஆள்". இன்னோர் ஊரில், இன்னொரு கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு பாதியாவது மிஞ்சினால் ஜோக் உயிரோடு இருக்கிறது, வசவு தேவைப்படவில்லை. சிரிப்பு முழுக்கப் போய்விட்டதா? அங்கே இருந்தது வசவு மட்டும்தான். நம் சினிமாவையே பாருங்கள். 1989-ல் வந்த கரகாட்டக்காரனில் கவுண்டமணி செந்திலைத் திட்டியது எத்தனையோ உண்டு. ஊரே இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது வாழைப்பழக் கணக்கை.

ஸ்டாண்ட்-அப்பை மட்டும் குற்றம் சொல்லவும் கூடாது. பட்டிமன்ற மேடைகள் எத்தனை வருஷமாகப் பொண்டாட்டி ஜோக்கில் குடும்பம் நடத்துகின்றன! அதற்கு யாரும் புண்படுத்தும் நகைச்சுவை என்று பெயர் வைப்பதில்லை. தாமஸ் ஃபோர்ட் என்பவர் தலைமையில் 2008-ல் வந்த ஆய்வு பெண்களை மட்டம் தட்டும் ஜோக்கைச் சோதித்தது. ஏற்கெனவே பெண்கள்மேல் வெறுப்புள்ள ஆண்கள் அத்தகைய ஜோக்கைக் கேட்டபின் பெண்கள் அமைப்புக்குக் கொடுக்க முன்வந்த பணம் குறைந்தது. ஜோக் புதிதாக வெறுப்பை விதைத்ததாக ஆய்வு சொல்லவில்லை. இருக்கிற வெறுப்புக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தது.

ஆபாசமும் காயமும் வேறு வேறு. இதைக் காட்ட ஒரே இரவின் நிகழ்ச்சி போதும். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து 3 வாரம்கூட ஆகவில்லை. நியூயார்க்கில் ஒரு ரோஸ்ட் நிகழ்ச்சி, அதாவது ஒருவரை உட்காரவைத்து மற்றவர்கள் மேடையேறிக் கலாய்ப்பது. கில்பர்ட் காட்ஃப்ரீட் என்ற நகைச்சுவைக்காரர், தான் ஏறவிருக்கும் விமானம் நேராகப் போகாது, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் நின்றுதான் போகும் என்று ஒரு ஜோக் சொன்னார். கூட்டம் கூச்சலிட்டது. "ரொம்ப சீக்கிரம்" என்று ஒருவர் கத்தினார். காட்ஃப்ரீட் பின்வாங்கவில்லை, நகைச்சுவைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் படுஆபாசமான பழைய ஜோக் ஒன்றை எடுத்து நீட்டி முழக்கினார். அதே கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதல் ஜோக்கில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, இரண்டாவதில் அதைத் தவிர வேறில்லை. ஆனால் இரண்டாவதில் வருகிற குடும்பம் கற்பனைக் குடும்பம். முதலாவதில் செத்தவர்களின் சொந்தக்காரர்கள் அதே ஊரில் இருந்தார்கள்.

எவ்வளவு நாள் கழித்துச் சொல்லலாம்? 2012 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவில் சாண்டி புயல் அடித்தபோது மெக்ரா குழுவினர் அதைப் பற்றிய ஜோக்குகளை வெவ்வேறு நாளில் வெவ்வேறு ஆட்களிடம் காட்டி அளந்தார்கள். புயலின் சேதம் தெரிந்த நாட்களில் சிரிப்பு விழுந்துவிட்டது. சுமார் 5 வாரம் கழித்து உச்சத்துக்குப் போனது. பிறகு பழசாகி மறுபடி குறைந்தது.

5 வாரக் கணக்கை நம் கரைக்குக் கொண்டுவந்தால் செல்லாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன 653-ம் எண் பாசஞ்சரில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் போனார்கள். 60 வருஷம் தாண்டிவிட்டது. இப்போது ஒருவர் மேடையேறி, "நம்ம ரயில்வே எப்பவும் லேட்டுதாங்க, 653 இன்னும் வந்து சேரலை" என்கிறார் என்று வையுங்கள். வேலைப்பாடு இருக்கிறது, திருப்பம் இருக்கிறது. குறி ரயில்வே என்று அவர் வாதாடலாம். சென்னையில் சிரிப்பும் வரலாம். ராமேஸ்வரத்தில் வராது. "653" என்றதுமே கேட்பவர் மனசு அந்த ரயிலோடு போய்விடும், ரயில்வே மீதான கேலிவரை வந்து சேராது. தாத்தாவை அந்த இரவில் இழந்த வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் இருக்கக்கூடும்.

அதே தனுஷ்கோடியில் இன்னொரு ஜோக். இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் டூரிஸ்ட் ஒருத்தர் விதவிதமாக செல்ஃபி எடுக்கிறார். எடுத்து முடித்துவிட்டு, சங்கு விற்கிற அம்மாவிடம் கேட்கிறார்: "இங்க நல்ல ஹோட்டல் எதும்மா?" அந்த அம்மா சொல்கிறது: "இருந்துச்சு சார். 64-ல மூடிட்டாங்க."

(சிரிப்பு)

பாருங்கள், சிரித்துவிட்டீர்கள். சாவு இதிலும் இருக்கிறது, ஒளிக்கவில்லை. ஆனால் மாட்டிக்கொண்டது டூரிஸ்ட். கடைசி வரி அந்த அம்மாவின் வாயில் இருக்கிறது, அந்தத் துக்கத்துக்கு உரியவர் அவர். "மூடிட்டாங்க" என்பதோடு வாக்கியம் நின்றுவிடுகிறது. அதற்குமேல் "புயல்ல எல்லாம் போச்சு" என்று ஒரு விளக்கம் சேர்த்தால் ஜோக் அங்கேயே படுத்துவிடும்.

மீனவர் கைதைப் பற்றியும் இப்படித்தான். படகோடு பிடிபட்டு ஆள் இன்னும் சிறையில் இருக்கும் வீட்டுக்கு 5 வாரமும் கிடையாது, 5 வருஷமும் கிடையாது, அது நடந்துகொண்டே இருக்கிற காயம். அங்கே வலையிழந்தவரைச் சீண்டினால் ஊர் எழுந்து போகும். அதிகாரிகள் எழுதும் கடிதங்களைச் சீண்டினால் அந்த வீட்டுக்காரரே கைதட்டுவார்.

நம் கரையோர மேடையில் இன்னொரு சங்கடம் உண்டு. நகரத்து ஸ்டாண்ட்-அப் கிளப்பில் நாற்காலிகள் நெருக்கமாக இருக்கும், கூரை தாழ்வாக இருக்கும், பார்ப்பவர்மேல் வெளிச்சம் விழாது, பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாது. இங்கே திறந்த வெளி, கொண்டல் காற்றில் சிரிப்பு கலைந்துபோகும், ட்யூப் லைட் எல்லார் முகத்திலும் அடிக்கும், மருமகளுக்கு இரண்டு வரிசை முன்னால் மாமியார். இரட்டை அர்த்தம் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளக்கூட முடியாது. அதற்கு நம் நாடக மேடைப் பபூன் ஒரு வழி வைத்திருக்கிறார். வள்ளித் திருமணம் போடுகிற ஊர்களில் கவனியுங்கள். வந்ததும் வணக்கம், ஒரு பாட்டு, நாடகம் வைத்த ஊருக்கு நாலு வார்த்தை. அடுத்து ஆர்மோனியக்காரரைச் சீண்டுவார். அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அடிவாங்க உட்கார்ந்திருப்பவர், திருப்பியும் கொடுப்பார். கூட்டத்தின் பக்கம் திரும்புவது அதற்குப் பிறகுதான்.

புதியவர்களுக்கு மேடை கொடுக்கும் ஓப்பன் மைக்கில் 5 நிமிடம் கிடைக்கும் தம்பிக்கும் அதே வரிசைதான். முதல் ஒன்றரை நிமிடம் அடி தன்மேல் விழட்டும். கடுமையான ஜோக்கை மூன்றாவது நான்காவது நிமிடத்தில் வைக்கலாம், கடைசியில் வைக்கக்கூடாது, விழுந்தால் எழுந்துகொள்ள நேரம் வேண்டும். நிமிடத்துக்கு 4 சிரிப்பாவது வேண்டும் என்பது கிளப் கணக்கு. 40 விநாடி சூடேற்றிவிட்டு ஒரே ஒரு "ஓ" வாங்கினால் நஷ்டம். விழுந்தபின் "ஜாலியா எடுத்துக்கங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது, குற்றத்தை ரசிகர் தலையில் கட்டுவது அது. எதிர்த்துக் கத்தியவர்மேல் பாயவும் கூடாது. 2006-ல் லாஸ் ஏஞ்சலீஸ் கிளப்பில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் அப்படித்தான் பாய்ந்தார், நிற வசவு மட்டுமே மிஞ்சியது, ஆட்கள் எழுந்து போனார்கள்.

சட்டத்தை வேகமாகச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. மத உணர்வை வேண்டுமென்றே அவமதித்தால் அதில் 299-ம் பிரிவு, சமூகங்களுக்கிடையே பகை மூட்டினால் 196-ம் பிரிவு, இரண்டிலும் 3 ஆண்டுவரை சிறை. பட்டியல் சாதியினரைச் சாதிப் பெயர் சொல்லி ஊரறிய இழிவுபடுத்தினால் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 6 மாதம் முதல் 5 ஆண்டு. சட்டம் எப்போதும் சரியான ஆளைத்தான் பிடிக்கும் என்றும் இல்லை. 2021 ஜனவரி 1 இந்தூரில் முனாவர் ஃபாரூக்கி என்ற ஸ்டாண்ட்-அப் கலைஞரை, மத உணர்வைப் புண்படுத்தும் ஜோக் சொன்னார் என்ற புகாரில் பிடித்தார்கள். பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும்வரை உள்ளே இருந்தார். பிடித்த இரவில் அந்த ஜோக் சொல்லப்பட்டதா என்பதே கேள்வியாக இருந்தது. அது எனக்குப் புண்படுத்தும் நகைச்சுவையைவிட மோசமான விஷயமாகப் படுகிறது.

கடைசியாகக் கல்யாணங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் புண்படுத்தும் நகைச்சுவை அதிகம் அச்சாகிற இடம் நண்பர்கள் அடிக்கும் ஃப்ளெக்ஸ்தான். மாப்பிள்ளையை ஆயுள் கைதியாக்குவீர்கள், காணவில்லை அறிவிப்புப் போடுவீர்கள். சிரிப்பு வருகிறது. மாப்பிள்ளை உங்களைத் தேர்ந்தெடுத்தவர், கீழே வரிசையாக உங்கள் படங்களும் இருக்கின்றன, நாளைக்கு உங்கள் கல்யாணத்தில் அவர் கணக்கைத் தீர்ப்பார். ஆனால் அதே போர்டில் பெண்ணின் படமும் இருக்கிறது. அந்தப் பெண் உங்கள் கூட்டாளி இல்லை, அவர் வீட்டார் இந்த ஊரே இல்லை. கைதி ஜோக்கில் சிறை யார் என்று அவர்கள் யோசித்துவிடுவார்கள். ஆகவே அச்சுக்குக் கொடுக்குமுன் வாசகத்தைப் பெண்ணின் அண்ணன் தம்பி யாருக்காவது போனில் அனுப்பிக் காட்டுங்கள். ரிசப்ஷனில் ரோஸ்ட் என்று மைக் கேட்டால், பெண் வீட்டார் பந்தி முடிந்து வண்டி ஏறிய பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.