வெள்ளம் வடிந்த தெருவின் காற்று

அவையோருக்கு வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி என்ன பாடு படுத்தியது என்று நெல்லைச் சீமையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கொக்கிரகுளத்திலும் ஜங்ஷனிலும் ஆறு தெருவுக்குள் வந்து நின்றது. அன்றைக்கு எல்லாருக்கும் தண்ணீர்தான் பயம். தண்ணீர் வடிந்து வெயில் அடித்த பிறகு காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்றைய பேச்சு அந்தக் காற்றைப் பற்றியது.

வெளிக்காற்றில் பூஞ்சை வித்து, அதாவது பூசணம் பரவுவதற்கு விடும் கண்ணுக்குத் தெரியாத தூள், எப்போதும் உண்டு. வெள்ளம் அதை எவ்வளவு கூட்டுகிறது? இதற்கு நல்ல கணக்கு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கிடைத்தது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா சூறாவளி கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து நகரத்தில் ஐந்தில் நாலு பங்கு மூழ்கியது. அக்டோபர், நவம்பரில் காற்றை அளந்தார்கள். வெள்ளம் புகுந்த பகுதிகளின் வெளிக்காற்றில் சராசரியாக ஒரு கனமீட்டருக்குச் சுமார் 66,000 வித்து. புகாத பகுதிகளில் சுமார் 33,000. அங்குள்ள ஒவ்வாமை மருத்துவர்களின் அளவுகோலில் 13,000 வந்தாலே ‘அதிகம்’, 50,000 தாண்டினால் ‘மிக அதிகம்’. ஆகவே நனையாத தெருவுக்காரரும் சுத்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் 6 லட்சத்துக்கும் மேல் இருந்தது.

அளக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு மெல்லிய பிளவு வழியாக உறிஞ்சும் கருவி ஒன்று உண்டு. உள்ளே பசை தடவிய நாடா மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். ஒட்டிய வித்துகளை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். இன்னொரு முறை, வித்தை ஊட்டத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது; அதில் உயிருள்ளவை மட்டுமே முளைக்கும். செத்த வித்தும் இளைப்பைக் கிளப்பும் என்பதால் அந்தக் கணக்கு குறைத்துக் காட்டும். நுண்ணோக்கிக்கும் ஒரு குறை உண்டு: ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் என்ற இரண்டு பூஞ்சைகளின் வித்தும் பார்வைக்கு ஒரே உருண்டை, இரண்டையும் சேர்த்துத்தான் எண்ண முடியும்.

மழை பெய்யும்போது வித்தில் ஒரு பகுதி கழுவப்பட்டுக் கீழே இறங்கிவிடும். நனைந்த பொருளில் பூசணம் பூக்க ஒன்றிரண்டு நாள் போதும். ஆனால் ஈரமாக இருக்கும் வரை பல வகைகள் எழும்பிப் பறப்பதில்லை. ஸ்டாக்கிபாட்ரிஸ் என்ற கரும்பூஞ்சையின் வித்து ஈரத்தில் கோழைபோல ஒட்டிக்கிடக்கும்; காய்ந்து, யாராவது விளக்குமாறை எடுத்தால்தான் கிளம்பும். கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சையின் வித்து வெயில் ஏறி காற்று வீசும் பகலில் கூடும். சில வகைகள் பனி விழும் பின்னிரவில் கூடும். ஆக, மழை விட்ட மறுநாள் காற்றைப் பார்த்துவிட்டுக் கவலையில்லை என்று சொல்வது தப்புக் கணக்கு.

அமெரிக்க வீட்டுச் சுவர் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை. பூஞ்சைக்கு அதுவே சோறு. நம் செங்கல் சுவரில் அவ்வளவு தீனி இல்லை. நம் வீட்டில் தீனி வேறு இடத்தில் இருக்கிறது: இலவம்பஞ்சு மெத்தை, கோரைப்பாய், பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பிளைவுட், பிள்ளைகளின் பாடப் புத்தகம், பட்டாசலில் அடுக்கிய நெல் மூடை. இவற்றை எல்லாம் தூக்கித் தெருமுனையில் குவிக்கிறோம். குவியல் வாரக்கணக்கில் கிடந்து காய்கிறது. ஒவ்வொரு வீட்டின் பூசணமும் இப்படித்தான் தெருக்காற்றாகிறது.

எனவே மெத்தையைத் தூக்குவதற்கு முன் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி வெளியே கொண்டுபோங்கள். குவியலைத் தார்ப்பாயால் மூடுங்கள், கொளுத்தாதீர்கள். காய்ந்த பூசணத்தைப் பெருக்கவே கூடாது; ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மூக்கில் துண்டு கட்டினால் போதாது. ஆஸ்பர்ஜில்லஸ் வித்து 2 முதல் 5 மைக்ரான்தான்; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். இடுக்கில்லாமல் பொருந்திய என்95 முகக்கவசம் வேண்டும். மின்விசிறியை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து அல்ல. பிளீச்சிங் பவுடர் கரைசல் தரைக்கும் ஓட்டுக்கும் சரி, மரத்துக்குள் இறங்காது. அதோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூஞ்சையைவிட அது உடனே ஆளைச் சாய்க்கும்.

பரிசோதகர்கள் வழக்கமாக வீட்டின் உள்ளேயும் வெளியேயும் அளந்து, உள்ளே குறைவாக இருந்தால் வீடு நன்றாக இருக்கிறது என்பார்கள். வெளிக்காற்றே இரண்டு மடங்கான நாளில் அந்த ஒப்பீடு ஏமாற்றும். அப்போது எண்ணை விட்டுவிட்டு மூக்கையும் கண்ணையும் நம்பலாம்: முடை நாற்றம், சுவரில் ஈரக்கோடு, அலமாரிக்குப் பின்னால் கருப்புப் புள்ளி.

கடைசியாக வைக்கோல் படப்பு. நனைந்த படப்பு உள்ளுக்குள் சூடேறும். 50 டிகிரியிலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்ற பூஞ்சை வளரும். மேலே காய்ந்து தங்கமாய்த் தெரியும், பிரித்தால் வெள்ளைப் புகைபோல எழும்பும். அந்தப் புகை முழுக்க வித்து. இளைப்புக்காரர்களும் சர்க்கரை நோய் கட்டுப்படாதவர்களும் கிட்டப் போக வேண்டாம். மற்றவர்கள் காற்று வரும் பக்கம் நின்று, தண்ணீர் தெளித்து, முகக்கவசத்தோடு பிரிக்கட்டும். பூசணம் பிடித்ததை மாட்டுக்குப் போடாமல் வயலில் மடக்கி உழுதுவிடுங்கள்.