நான்கு பேரின் சம பங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைப் பற்றி இன்று பேசப் போகிறேன். 1980இல் தொடங்கி 2011 வரை, 31 ஆண்டுகள் வாசித்த குழு. அவர்களுடைய பாடல்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் பாடல்களுக்கு இணையாக என்னைக் கவர்ந்தது, அந்தப் பாடல்களை அவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட விதம்.

ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர் பீட்டர் பக். கடைக்கு அடிக்கடி வந்த கலைக்கல்வி மாணவர் மைக்கேல் ஸ்டைப். தனக்கென்று பக் ஒதுக்கி வைக்க நினைத்த தட்டுகளையே ஸ்டைப்பும் தேடி எடுப்பாராம். அப்படித்தான் பழக்கம். மைக் மில்ஸும் பில் பெர்ரியும் மேக்கன் நகரத்துப் பையன்கள். பள்ளிக் காலத்தில் ஒருவரை ஒருவர் பிடிக்காமல் இருந்து, சேர்ந்து வாசிக்க நேர்ந்த பிறகு நண்பர்களானவர்கள். இந்த நால்வரும் 1980 ஏப்ரல் 5 அன்று, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில், தோழி ஒருவரின் பிறந்தநாள் விருந்தில் முதன்முதலாக வாசித்தார்கள். அந்தத் தேவாலயம் இப்போது இல்லை. அதன் கோபுரத்தை மட்டும் இடிக்காமல் விட்டு வைத்தார்கள்.

தொடக்க நாட்களிலேயே இவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். எந்தப் பாட்டை யார் எழுதினாலும் நான்கு பேரின் பெயரும் போடுவது. பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று ஆங்கில அகர வரிசையில். வரும் பணத்திலும் சம பங்கு. நால்வரில் ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் அந்த வேலை நடக்காது. குழுக்கள் உடைந்த கதைகளைக் கேட்டால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கியிருக்கும். மெட்டுப் போட்டவருக்குக் கூடுதல் பணம், டிரம்ஸ் வாசித்தவருக்குக் குறைவு, அப்புறம் மனக்கசப்பு. இருபது வயதைத் தாண்டியிருந்த இளைஞர்கள், கையில் காசே வராத காலத்தில், அந்த விரிசலுக்கு முன்கூட்டியே மருந்து போட்டுக்கொண்டது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

வானொலியில் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இவர்களை வளர்த்ததே வானொலிதான். ஆனால் பெரிய வணிக வானொலி இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களே நடத்தும் சின்னச் சின்ன நிலையங்கள். எது விற்கும் என்ற கவலை இல்லாமல், தனக்குப் பிடித்த தட்டை ஒரு மாணவர் நள்ளிரவில் ஒலிபரப்பலாம். பின்னாளில் ‘ஆல்டர்நேட்டிவ் ராக்’ என்று பெயர் பெற்ற இசையை அப்போது ‘காலேஜ் ராக்’ என்றே சொன்னார்கள். இந்த நால்வரும் ஒரு வேனில் ஏறி ஊர் ஊராகப் போய்ச் சிறிய அரங்குகளில் வாசித்தார்கள். போகுமிடமெல்லாம் அந்த மாணவர் வானொலிகள் அவர்களுக்கு முன்பே கேட்பவர்களைத் திரட்டி வைத்திருந்தன.

1983இல் ‘மர்மர்’ என்ற முதல் முழு ஆல்பம் வந்தது. மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ விற்பனையில் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் விமர்சகர்கள் தேர்ந்தெடுத்தது ‘மர்மர்’ ஆல்பத்தை. முதலில் கேட்டபோது எனக்கு அதில் ஒரு வரிகூடச் சரியாகப் பிடிபடவில்லை. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் அதே நிலைதான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். பாடகரான ஸ்டைப் சொற்களை வாய்க்குள்ளேயே மென்றுவிடுவார். குரலையும் ஒரு கருவியைப் போலப் பிற கருவிகளின் நடுவே புதைத்து வைத்தார்கள். அர்த்தம் நழுவினாலும் ஏக்கம் மட்டும் நேராக வந்து சேர்ந்தது. 1986 வாக்கில்தான் அவர் குரல் தெளிவாக முன்னுக்கு வந்தது. 1987இல் முதன்முறையாக ஒரு பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்தது. மறுஆண்டே வார்னர் பிரதர்ஸ் என்ற பெரிய நிறுவனத்துக்கு மாறினார்கள்.

அதன் பிறகு வந்ததுதான் மாண்டலின் கதை. பக் அந்தக் கருவியைப் புதிதாக வாங்கி, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பழகியிருக்கிறார். பழகும்போது பதிவு செய்து வைத்ததைப் போட்டுக் கேட்டால், உள்ளே ஒரு மெட்டு இருந்தது. அதுதான் 1991இல் வந்த ‘லூசிங் மை ரிலிஜன்’. தலைப்பைப் பார்த்து மதத்தைப் பற்றிய பாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் பொறுமை எல்லை கடந்துபோவதைச் சொல்லும் பேச்சுவழக்கு அது. ஒருதலைக் காதலில் தவிப்பவரின் புலம்பல்தான் பாட்டு. திரும்பத் திரும்ப வரும் பல்லவி என்று எதுவும் இல்லை, முன்னால் நிற்பது மாண்டலின். வானொலிக்கு ஒத்துவராது என்று யாரும் ஒதுக்கியிருக்கக்கூடிய பாட்டு, தரவரிசையில் 4ஆம் இடம் வரை போனது. அது இடம்பெற்ற ஆல்பம் முதலிடம் பிடித்தது. அதற்காக அவர்கள் ஒரு சுற்றுப்பயணம்கூடப் போகவில்லை.

அடுத்த ஆண்டு ‘ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்’. என்னைக் கேட்டால் அவர்களுடைய உச்சம் இதுதான். மரணத்தையும் இழப்பையும் பற்றிய அமைதியான ஆல்பம். அதில் ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ என்ற பாட்டு உண்டு. மனம் உடைந்தவரிடம், பொறுத்துக்கொள், நீ தனியாக இல்லை என்று சொல்லும் பாட்டு. பூடகமாகவே எழுதிப் பழகிய ஸ்டைப், இளைஞர்களுக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும் என்று இதில் எளிய சொற்களையே வைத்தார். அந்தப் பாட்டின் பெரும்பகுதியை உருவாக்கிக் கொண்டு வந்தவர் யார் தெரியுமா? டிரம்ஸ் வாசிக்கும் பில் பெர்ரி. தட்டின் உறையில் அது தெரியாது. வழக்கம்போல நான்கு பெயர்கள்தான்.

1995 மார்ச் 1. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது பெர்ரிக்குத் தாங்க முடியாத தலைவலி. மூளையில் ரத்தக் குழாய் வீங்கி வெடித்திருந்தது. அறுவைச் சிகிச்சையில் பிழைத்தார். இரண்டரை மாதங்களில் மேடைக்கும் திரும்பினார். ஆனால் 1997 அக்டோபரில் விலகிக்கொண்டார். வார்னர் நிறுவனத்துடன் 8 கோடி டாலருக்குப் புதிய ஒப்பந்தம் என்று செய்தி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவர் வைத்த ஒரே நிபந்தனை: தான் போவதால் குழு கலையும் என்றால் போகமாட்டேன். பிறகு ஜார்ஜியாவில் விவசாயம் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று கால் நாயும் நாய்தான், வேறு விதமாக ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார் ஸ்டைப். கற்றுக்கொள்வது எளிதாக இல்லை. 1998இல் ‘அப்’ ஆல்பத்தைச் செய்தபோது மூவரும் பிரிந்துவிடும் நிலைக்கே போனார்கள். அதன் பிறகு வந்த சில ஆல்பங்களில் எனக்கு அந்தப் பழைய பிடிப்பு கிடைக்கவில்லை. 2008இல் ‘ஆக்சிலரேட்’ வந்தபோதுதான் மீண்டும் வேகம் தெரிந்தது. 2011இல் கடைசி ஆல்பம். அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று கலைவதாக அறிவித்தார்கள். சண்டை இல்லை, விடைபெறும் சுற்றுப்பயணமும் இல்லை. கூடிப் பேசி எடுத்த முடிவு.

2024 ஜூனில், பாடலாசிரியர்களைப் போற்றும் ஓர் அமைப்பு நியூயார்க்கில் அவர்களை நால்வராகவே கௌரவித்தது. அந்த நாட்களில் ஒளிபரப்பான பேட்டியில், மறுபடி சேர்ந்து வாசிக்க என்ன நடக்க வேண்டும் என்று கேட்டார்கள். வால்நட்சத்திரம் வர வேண்டும் என்றார் மில்ஸ். ஆனால் விழா இரவில் நால்வரும் மேடையேறினார்கள். நிலத்தை விட்டு வந்த பெர்ரியும் கூட நின்றார். ஒரே ஒரு பாட்டு வாசித்தார்கள். அந்த மாண்டலின் பாட்டு.